பாவுக்குள் நாற்பது தாள்

அத்தியாயம் 11

முதல் தாள் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு விழுந்தது.

சூர்யகலா அப்போதுதான் தறியில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக நெய்த துணியை முன்னால் சுருட்டிக்கொண்டு, பின்னால் நெடுக்கு இழைகள் சுற்றியிருக்கும் பாவு உருளையைத் தளர்த்தினாள். ஒரு சுற்று முடிந்தால், இடையில் வைத்த அட்டை தறிக்குப் பின்னால் 'டப்'பென்று விழும். இன்றைக்கு 'சர்'ரென்று கேட்டது.

எழுந்து போய்ப் பார்த்தாள். நான்கு வெள்ளைத் தாள்கள், நீளவாக்கில் இரண்டாக மடித்தவை. ஒன்றைப் பிரித்தாள்.

மேலே 'நாள் 37' என்று இருந்தது. நீல மையில் நெருக்கி நெருக்கி எழுதிய எழுத்து. அடியில், பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில், அவளுடைய கையெழுத்தே அவளைப் பார்த்தது.

ஒன்பது நாளாக வீட்டைக் கவிழ்த்துத் தேடிய தாள்கள்.

அந்த ஒன்பது நாளில் பரண் மொத்தத்தையும் இறக்கியாயிற்று. கண்ணமங்கலம் ரோட்டுப் பழைய பேப்பர் கடைக்காரரோடு மூட்டையை அவிழ்க்கச் சொல்லிச் சண்டை போட்டாயிற்று. எதிர்வீட்டு அபிதகுசாம்பாளின் மகளும் உதயாவும் ஒரே வகுப்பு. "உம்பொண்ணு பையில ஒரு தடவ பாத்துட்டுச் சொல்லேன்" என்று சூர்யகலா வாய் தவறிக் கேட்டதில், இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. உதயா அம்மாவிடம், "நீதான் குப்பைன்னு போட்டிருப்ப" என்று கத்திவிட்டு இரண்டு வேளை சாப்பிடவில்லை.

இத்தனை நடந்தபோதும் தறியை விட்டு எழாமல் இருந்த ஒரே ஆள், அவளுடைய கணவன் பலராமன்.

"உதயா! இங்க வாடி!"

உதயா வந்தாள். ஏழாவது முடித்து எட்டாவது போகிற பெண். தாளைப் பார்த்தாள். அழுவாள் என்று சூர்யகலா எதிர்பார்த்தாள். அழவில்லை.

"மீதி முப்பத்தாறு எங்க?"

சூர்யகலா உருளையைக் காட்டினாள். அதன்மேல் பாவு இறுக்கமாகச் சுற்றியிருந்தது. மாம்பழ மஞ்சளில் நாலாயிரம் பட்டு இழை. ஓரத்தில் காது வைத்துக் கேட்பதுபோல் குனிந்தால், இழைகளுக்கு நடுவே தாள் விளிம்புகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன.

உதயாவின் பள்ளியில் இந்த வருஷம் 'கோடை வாசிப்பு' என்று ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். ஆறு, ஏழு, எட்டு வகுப்புப் பிள்ளைகள் விடுமுறையில் நாற்பது நாள் படிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தாள் எழுத வேண்டும். என்ன படித்தாய், அதில் என்ன நடந்தது, அது உன் வீட்டில் யாரை நினைவுபடுத்துகிறது என்று மூன்று கேள்விகள். கெட்டியான வெள்ளைத் தாளாக இருக்க வேண்டும். நாற்பதும் கொடுக்காதவர்களின் பெயர், 'வாசிக்காதவர்கள்' என்று தலைப்புப் போட்டு நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும். கொடுத்தவர்களுக்கு மட்டும், பள்ளி நூலகத்தில் பூட்டியே கிடக்கும் கண்ணாடி அலமாரி வருஷம் முழுக்கத் திறக்கும்.

உதயாவுக்கு அந்த அலமாரி வேண்டும். கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகங்களின் முதுகை எல்லாம் படித்து வைத்திருந்தாள். பனியில் புதையும் ஊர்கள், உறைந்துபோகும் ஆறுகள், பெயரைச் சொல்லவே நாக்கு சுளுக்கும் மனிதர்கள், எல்லாம் தமிழில் வந்தவை. ஊர்க் கிளை நூலகத்தில் இருந்த அந்த மாதிரிப் புத்தகங்களை இந்த லீவில் முடித்துவிட்டாள். வெளியே ஆரணி வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்க, அவள் ஒரு கையால் ராட்டையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டு, மடியில் புத்தகத்தை விரித்து, பனிச்சறுக்கு வண்டியில் போய்க்கொண்டிருப்பாள்.

தாள் கொடுக்கக் கடைசி நாள் இன்றைக்கு. மாலை நாலு மணி வரை.

பலராமன் டீ குடித்துவிட்டு உள்ளே வந்தான்.

"இது என்னா?" சூர்யகலா தாளை நீட்டினாள்.

"தாளு."

"பாவுக்குள்ள எப்பிடிப் போச்சு?"

பலராமன் தாளைப் பார்த்தான், உருளையைப் பார்த்தான். முகம் மாறியது. "நீங்க ரெண்டு பேரும் படவேடு கோயிலுக்குப் போனீங்களே, அன்னிக்கித்தான பாவு சுத்தினேன். கடைசி பத்துச் சுத்துக்கு அட்டை பத்தல. ஷெல்ப்புல ஸ்கூல் தாளு கெட்டியா இருந்துச்சு..."

மேல் சுற்று இழை கீழ்ச் சுற்றில் புதைந்துபோகாமல் இருக்க, பாவு சுற்றும்போது இடையில் அட்டை வைக்க வேண்டும். முழுப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளின் சார்ட், ரெக்கார்டு நோட்டு அட்டை எல்லாம் அந்தத் தெருவில் தறிக்குத்தான் போகும். எந்த வீட்டிலும் யாரையும் கேட்டு எடுப்பதில்லை. உதயா ஒன்றாவது படித்ததிலிருந்து பலராமனும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

"பரீட்சை முடிஞ்சிட்டுதே, போன வருஷத்துதுன்னு நெனச்சேன்" என்றான்.

"ஒம்போது நாளா தேடிகினு கீறோம். வாயத் தொறந்தீங்களா?"

"என்ன யாரு கேட்டீங்க? அவளக் கேட்ட, எதிர்வீட்டுக்காரியக் கேட்ட, பேப்பர் கடைக்காரனக் கேட்ட. வூட்ல ஒரு ஆள் உக்காந்துகினு கீறானே, அவன யாராச்சும் கேட்டீங்களா?"

"கேட்டாதான் சொல்லுவீங்களா?"

உதயா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதின பக்கத்த உள்ள வெச்சு மடிச்சிருக்க" என்றாள்.

"ஆமா. பட்டுல மை படக்கூடாது."

"பட்டுல மை படக்கூடாதுன்னு ஒண்ணொண்ணா எடுத்து மடிச்சிருக்க. நாப்பது தடவ. ஒரு தடவகூட என்னா எழுதியிருக்குதுன்னு பாக்கல."

"கீழ என் கையெழுத்து கீது. அதையாச்சும் பாத்திருக்கலாம்" என்றாள் சூர்யகலா.

தப்புச் செய்த ஆளுக்குக் கோபம் வேகமாக வரும். பலராமனுக்கும் வந்தது. "இன்னா இப்ப? கத்துனா வந்துடுமா? நெய்ய நெய்ய நாலு நாலா விழும். ஒரு பொடவ எறங்கினா எல்லாம் வெளிய வந்துடும்."

"ஒரு பொடவ எறங்க இருவது நாளு ஆவும்."

"இருவது நாளு பொறுக்கச் சொல்லு ஸ்கூல! லீவுல கூட புள்ளைங்கள எழுத உட்டு பேஜார் பண்ணிகினு..."

சூர்யகலா அந்த நாலு தாளையும் எடுத்துக்கொண்டாள். "வாடி" என்றாள் மகளிடம்.

பள்ளி வராந்தாவில் வரிசை நின்றது. மேஜைக்குப் பின்னால் ராதிகா மிஸ் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, கழுத்தில் அடையாள அட்டை, நெற்றியெல்லாம் வியர்வை. ஒவ்வொரு கட்டாக வாங்கினாள், எண்ணினாள், ரப்பர் பேண்டு போட்டாள், பெயருக்கு எதிரே டிக் அடித்தாள். உதயா வரிசையில் நின்றபடி அந்த விரல்களையே பார்த்தாள். பணக் கட்டுப்போல நுனியைப் புரட்டி எண்ணிக்கொண்டே போன அந்த விரல்கள் எந்தத் தாளிலும் நிற்கவில்லை. ஒரு வரியும் படிக்கப்படவில்லை.

அவர்களுடைய முறை வந்தது.

"நாலுதான் இருக்கு?"

"மீதி முப்பத்தாறும் பாவுக்குள்ள இருக்குது மிஸ்" என்றாள் உதயா.

"எதுக்குள்ள?"

சூர்யகலா சொன்னாள். அட்டை, உருளை, பத்துச் சுற்று எல்லாம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது பொய்போலக் கேட்டது.

ராதிகா மிஸ் பேனாவை வைத்தாள். "காலையிலேருந்து நாய் கிழிச்சது, தம்பி தண்ணி ஊத்தினது, வேலூர் பஸ்ல விட்டதுன்னு பதினாறு கதை கேட்டுட்டேம்மா. தறி முழுங்கினது இப்பதான்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பொய்யின்றீங்களா?"

"நான் அப்படிச் சொல்லலீங்க. லீவுல வீட்ல யாரு படிக்கறாங்க, யாரு படிக்கலைன்னு எங்களுக்கு இத வெச்சுத்தான தெரியும்? திங்கக்கிழமை லிஸ்ட் ஒட்டணும். ரூல் நான் போட்டது இல்ல. நாலு மணிக்குள்ள நாப்பதும் வந்தா வாங்கிக்கறேன். முப்பத்தொம்பது வந்தாலும் வாங்க முடியாது."

"எங்க தெருவுல வந்து பாருங்க மிஸ்" என்றாள் சூர்யகலா. குரல் தானாக ஏறியது. "லீவு உட்டா புள்ளைங்க விளையாடப் போறதில்ல. தார் சுத்துதுங்க, நூலு எடுத்துக் குடுக்குதுங்க. எம்பொண்ணு ராட்டையச் சுத்திகினே படிச்சா. படிச்சுகினே சிரிப்பா, படிச்சுகினே அழுவா. அத எதுல அளப்பீங்க? மொழத்துலயா, கிலோவுலயா?"

"அம்மா, பின்னால ஆளுங்க நிக்கறாங்க..."

"மிஸ்" என்றாள் உதயா. "இந்த நாலுல ஒண்ணே ஒண்ணு படிச்சுப் பாருங்க. இப்பவே."

ராதிகா மிஸ் அவளைப் பார்த்தாள். ஒரு கணம் கை தாளை நோக்கி வந்ததுபோல இருந்தது. பிறகு வரிசையைப் பார்த்தாள். "எல்லாரோடதும் வந்ததும் படிப்போம்மா. நெக்ஸ்ட்."

திரும்பி வரும்போது சூர்யகலா நடக்கவில்லை, ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும். உதயா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தாள். மணிக்கூண்டு தாண்டியதும் சொன்னாள்.

"போர்டுல என் பேரு வந்தா அந்த ஸ்கூலுக்குப் போக மாட்டேன்."

"வராது."

"வாசிக்காதவங்கன்னு போடுவாங்க. என்னப் போயி. அந்த லிஸ்ட்டுல என் பேரு."

"வராதுன்னு சொல்றேன் இல்ல?"

வீட்டில் பலராமன் தறிக்குப் பின்னால் மண்டி போட்டிருந்தான். ஒரு மெல்லிய மூங்கில் சிம்பைப் பாவுக்குள் விட்டு, தாளை நெம்பி எடுக்கப் பார்த்திருக்கிறான். காலையிலிருந்து அதைத்தான் செய்திருக்க வேண்டும். தரையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு காகிதக் கிழிசல் கிடந்தது. ஓரத்தில் நான்கைந்து இழைகள் அறுந்து தொங்கின.

"வரல" என்றான், அவர்கள் முகத்தைப் பார்க்காமல்.

சூர்யகலா உள்ளே போனாள். வெளியே வந்தபோது கையில் கத்தரிக்கோல் இருந்தது. நூல் வெட்டுகிற சின்னது இல்லை, துணி வெட்டுகிற பெரியது. அதைத் திறந்து பாவின்மேல் வைத்தாள்.

"நாலு மணிக்குள்ள தாளு வெளிய வரணும். நீ பிரிச்சு எடுக்கிறியா, நான் வெட்டி எடுக்கட்டுமா?"

கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவள் அவனை 'நீ' என்றது அதுதான் முதல் தடவை. பலராமனுக்கு எது அதிகம் உறைத்தது என்று சொல்ல முடியாது, அந்த வார்த்தையா, பாவின்மேல் இருந்த கத்தரிக்கோலா. தறியில் இருக்கிற பாவை வெட்டுவது என்பது யாரும் கனவில்கூடச் செய்யாத காரியம். நாலாயிரம் இழையையும் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைத்தவள் அவள்தான். நான்கு நாள் விரல் நுனி மரத்துப்போய்ச் சோற்றைப் பிசைய முடியாமல் உட்கார்ந்திருந்தவளும் அவள்தான்.

"பைத்தியமா உனக்கு? எடு அத."

"ஒண்ணு, ரெண்டு..."

"எடுன்றேன்!"

"பேரு போர்டுல வரக்கூடாது. என் பொண்ணு பேரு. எனக்கு வேற எதுவும் தெரியாது."

பலராமன் எழுந்து வாசலுக்குப் போனான். "அருள்ராஜ்! டேய் அருள்ராஜ்! ஜல்தியா வாடா!"

பக்கத்துத் தறிவீட்டு அருள்ராஜ் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டான். "மதியானத்துல எவனாச்சும் பாவ வெளிய இழுப்பானா அண்ணா? விடியக் காலைல செய்ற வேலைய! காத்து அடிச்சா அவ்ளோதான், சிக்கு எடுக்க ஒரு மாசம் ஆவும்."

"தெரியும்டா. பிடி."

துணிப் பக்கத்தை அப்படியே தறியில் விட்டுவிட்டு, உருளையை அதன் தாங்கியிலிருந்து தூக்கினார்கள். ஒரு முனையில் பலராமன், மறு முனையில் அருள்ராஜ். மெல்லத் திருப்பி, ஒரு சுற்றை அவிழ்த்து, ஓர் எட்டுப் பின்னால் வைத்தார்கள். பாவு நீண்டது. அது தொய்ந்து தரையைத் தொடக் கூடாது. இறுக்கமும் குறையக் கூடாது. அடியில் கழி கொடுத்துத் தாங்க ஆள் வேண்டும். சூர்யகலா ஒரு கழியைப் பிடித்தாள். இன்னொன்றுக்கு?

"திருடி வூட்டுக்காரி வந்திருக்கேன். கழி எங்க?"

அபிதகுசாம்பாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

சூர்யகலா கழியோடு திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அன்னிக்கி நான்..."

"இப்ப எதுவும் சொல்லாத. தாளு கெடச்சதும் சண்டைய வெச்சிக்கலாம். இன்னும் என்கிட்ட பாக்கி நெறைய கீது. எம்பொண்ணு பையக் கொட்டிப் பாத்தேன்டி உன்னால. அது மூணு நாளா என்கிட்ட பேசல." கழியை வாங்கிப் பாவுக்கு அடியில் கொடுத்தாள். "தூக்கு, தூக்கு. உன் பக்கம் எறங்குது."

இரண்டாவது சுற்றில் நான்கு தாள்கள் விழுந்தன. உதயா பொறுக்கினாள். மூன்றாவதில் நான்கு. உருளை வாசற்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வெயிலில் மஞ்சள் பட்டு கண்ணைக் கூசச் செய்தது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. பாவு வெளியே இருக்கும்போது அந்தத் தெருவில் யாரும் பேசி நேரத்தை வீணாக்க மாட்டார்கள்.

நான்காவது சுற்று முடிந்ததும் அருள்ராஜுக்குக் கை கடுத்தது. உருளையை இரண்டு ஸ்டூல்மேல் வைத்து, ஸ்டூலுக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, தண்ணீர் குடிக்கப் போனான். உதயா உள்ளே போய்த் தாள்களை மடிப்பு நீவிக் கோப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில், ஐந்தாவது சுற்றைப் பலராமனே தளர்த்தி, தாள்களைக் கையால் எடுத்தான்.

ஒன்று காற்றில் பிரிந்துகொண்டது. மடிக்கப்போனவன், கண்ணில் பட்ட ஒரு வார்த்தையில் நின்றான். 'அப்பா' என்று இருந்தது.

பலராமன் அவசரமாகப் படிக்கிற ஆள் இல்லை. பேப்பர் படித்தால்கூட உதடு அசையும். இப்போதும் அசைந்தது. ஒரு தடவை முடித்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான்.

"என்னா அங்க? மணி ரெண்டேகால் ஆவுது" என்று கழியிலிருந்து சூர்யகலா கத்தினாள்.

அவன் மூன்று தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தான். நான்காவதை மடித்து லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டான். அருள்ராஜ் வந்ததும் ஒன்றும் பேசாமல் உருளையைத் தூக்கினான்.

பத்தாவது சுற்று அவிழ்ந்தபோது மணி மூன்று. தெருவின் பாதி அகலத்துக்குப் பாவு நீண்டிருந்தது. மேற்கே, ஜவ்வாது மலைப் பக்கம் வானம் கறுத்தது. மண்ணை வாரிக்கொண்டு முதல் காற்று வந்தது.

"சுத்து, சுத்து!" என்றான் அருள்ராஜ். "அண்ணா, இனிமே கீழ வெக்கக் கூடாது. ஒரு கை உட்டாலும் போச்சு."

அபிதகுசாம்பாள் மகளை அனுப்பித் தன் வீட்டு அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னாள். திரும்பச் சுற்றுவது அவிழ்ப்பதைவிட மெதுவான வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் இழைகளை நேராக்க வேண்டும், அட்டை வைக்க வேண்டும், இழுத்துப் பிடிக்க வேண்டும்.

படியில் உட்கார்ந்து எண்ணிய உதயா நிமிர்ந்தாள். "முப்பத்தொம்பது."

"நல்லா எண்ணு."

"மூணு தடவ எண்ணிட்டேம்மா. இருவத்து மூணாம் நாளு இல்ல."

"அப்ப உள்ள ஒட்டிகினு இருக்கும். இன்னும் ஒரு சுத்து அவுருங்க" என்றாள் சூர்யகலா.

"உள்ள இல்ல" என்றான் பலராமன்.

"பின்ன?"

"என்கிட்ட கீது."

உதயா எழுந்து உருளைக்கு எதிரே வந்து நின்றாள். அப்பாவின் இரண்டு கையும் உருளை முனையில் இருந்தன. முழங்கை நரம்பு புடைத்திருந்தது. லுங்கி மடிப்பில் வெள்ளையாகத் தாளின் நுனி தெரிந்தது.

"குடு."

"அது வேணாம். மீதியக் குடு."

"நாப்பதும் வேணும். முப்பத்தொம்பது வாங்க மாட்டாங்க."

"அது வூட்டு விஷயம். ஸ்கூல்ல எவளோ படிக்கிறதுக்கு இல்ல."

"நான் எழுதினது பொய்யா?"

பலராமன் உருளையை இன்னும் இறுக்கிப் பிடித்தான். காற்று பாவை உப்ப வைத்தது. கழியை உயர்த்தி அபிதகுசாம்பாள் அதைத் தாங்கினாள்.

"கேக்கறேன் இல்ல? பொய்யா?"

"பொய்யின்னு சொல்லல. அதனாலதான் குடுக்க மாட்டேன்."

"எடுடி அவர் மடியிலேருந்து!" என்று சூர்யகலா கத்தினாள். "அவருக்குக் கை ஏது? எடு!"

உதயா கை நீட்டவில்லை. "வேணாம். அவரே வெச்சிக்கட்டும்" என்றாள். "எனக்கு மனப்பாடமாத் தெரியும்."

உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வந்தாள். நடுத்தெருவில், அப்பாவுக்கு மூன்றடி தூரத்தில், அந்தக் காலி ஸ்டூலில் உட்கார்ந்தாள். முட்டியின்மேல் கோப்பு அட்டையை வைத்து, அதன்மேல் தாளை வைத்தாள். எழுதினாள். எழுதிக்கொண்டே, ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொன்னாள். கத்தவில்லை. வகுப்பில் எழுந்து நின்று படிப்பதுபோலத் தெளிவாகச் சொன்னாள்.

"நாள் இருபத்து மூன்று. இன்று படித்தது, கடலோரத்தில் கலங்கரை விளக்கம் காக்கும் ஒருவரின் கதை."

"உதயா" என்றான் பலராமன்.

"அவருக்கு இருட்டில் தூரத்தில் வரும் கப்பல்கள் எல்லாம் தெரியும். எது வழி தவறியது என்று வெளிச்சத்தை வைத்தே சொல்லிவிடுவார். ஆனால் ஒரே வீட்டில் இருக்கும் மகளிடம் அவர் மூன்று குளிர்காலமாகப் பேசவில்லை. சண்டை எதுவும் இல்லை. பேச மறந்துவிட்டார்."

"நிறுத்து."

"அண்ணா, ஆடாத. உருளை சாயுது" என்றான் அருள்ராஜ் தரையைப் பார்த்துக்கொண்டு.

"கேள்வி மூன்று. இது உன் வீட்டில் யாரை நினைவுபடுத்துகிறது? எங்கள் அப்பாவை." பேனா நிற்கவில்லை. "நாலாயிரம் இழையில் ஒன்று அறுந்தால் அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். நான் அழுதால் தெரியாது. அவரிடம் பேசாமல் இருந்து பார்த்தேன். அவருக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஒரு நாள், இரண்டு நாள் என்று எண்ணினேன். பதினோரு நாள் பேசவில்லை. அவருக்குத் தெரியவே இல்லை. பன்னிரண்டாம் நாள் எனக்கே சலித்துப்போய், சாப்பிட வா என்று கூப்பிட்டேன். வருகிறேன் என்றார்."

கடைசிப் புள்ளியை வைத்தாள்.

தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ஜன்னல்களில் ஆட்கள் நின்றார்கள். அபிதகுசாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைக்கக் கையெடுத்து, கழி ஞாபகம் வந்து மறுபடி பிடித்துக்கொண்டாள்.

உதயா தாளை அம்மாவிடம் கொண்டுபோனாள். சூர்யகலா ஒரு கையால் கழியைத் தாங்கியபடியே, மறு கையால் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணிக்கொண்டு போனது. மகளின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பதினோரு நாள் சூர்யகலாவுக்கும் தெரிந்திருக்கவில்லை. அதை அந்தத் தாளில் எழுதவில்லை என்பதற்காக நன்றி சொல்வதா, இதையும் வேறெந்தத் தாளிலாவது எழுதியிருப்பாளோ என்று பயப்படுவதா?

"மணி மூணரை. போ" என்றாள்.

"இன்னிக்கி எழுதினதுன்னு மிஸ் கண்டுபிடிச்சிட்டா?"

"மடிப்பு இல்லாத தாளு இது ஒண்ணுதான். கண்டுபிடிப்பாங்க. கேட்டா உண்மையச் சொல்லு."

"நம்ப மாட்டாங்க."

"அப்ப படிச்சுக் காட்டு. இங்க படிச்ச மாதிரியே."

உதயா நாற்பது தாளையும் கோப்பில் வைத்து, துப்பட்டாவால் சுற்றிக் கேரியரில் கட்டினாள். தலையில் முதல் துளி விழுந்தது. தெரு முழுக்க, "சுத்துங்க, சுத்துங்க, மழை வருது!" என்று குரல் கிளம்பியது. ஜன்னலில் நின்றவர்கள் ஓடிவந்து பாவுக்கு மேலே தார்ப்பாய் பிடித்தார்கள்.

சைக்கிள் நகர்ந்தது.

"உதயா!"

அவள் காலை ஊன்றினாள். திரும்பவில்லை.

கூப்பிட்டது பலராமன். அந்தத் தாளைப் படித்த நேரத்திலிருந்து அவன் மனசுக்குள் ஒரே கணக்குத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பாவு முடிந்த வாரமா? சந்தவாசல் கல்யாணத்துக்குப் போன வாரமா? ஜரிகை வராமல் காத்திருந்த நாட்களா? எந்த வாரத்தை எடுத்தாலும் தறி ஞாபகம் வந்தது, நிறம் ஞாபகம் வந்தது, அறுந்த இழை ஞாபகம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை.

"எந்தப் பதினோரு நாளு? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

உதயா பெடலை மிதித்தாள். மழை வலுத்தது. தெருமுனையில் சைக்கிள் திரும்பியது.

ஓடிப்போய்ப் பிடித்துவிட முடிகிற தூரம்தான். பலராமனின் இரண்டு கையிலும் பாவு இருந்தது.